இரவில் எழும் கைக்குழந்தை: எப்படி எழுந்தது என்று பார்த்துத் தூங்க வைப்பது

என் மூத்தவன் திருநெல்வேலியில் அம்மா வீட்டில் பிறந்தான். இளையவள் சென்னையில், மூன்றாவது மாடி வாடகை வீட்டில், மே மாத வெயிலில். அதற்குப் பிறகு தங்கையின் பிரசவத்துக்கு இரண்டு மாதம் கூடவே இருந்தேன். முதல் இரண்டு குழந்தைகளிடமும் நான் செய்த தப்பு ஒன்றுதான். அழுகை கேட்டதும் தூக்கினேன், ஆட்டினேன், பால் கொடுத்தேன், விளக்கைப் போட்டேன், எல்லாம் ஒரே நிமிடத்துக்குள். குழந்தை எப்படியோ தூங்கிவிடும். ஆனால் எதனால் தூங்கியது என்று தெரியாது. மறுநாள் இரவு மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

தங்கை வீட்டில்தான் முறையை மாற்றினோம். குழந்தை ஏன் தூங்கவில்லை என்று கேட்பதை விட்டுவிட்டு, எப்படி எழுந்தது என்று பார்த்தோம். கண்ணை மூடி முனகிக்கொண்டா, கையைச் சப்பிக்கொண்டா, காலை மடக்கிக்கொண்டா, வீறிட்டா? எழுந்த விதம் பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். மீதிக்கு, சுலபமானதை முதலில் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு இது பொருந்தும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், ஏற்கெனவே வைத்தியம் நடக்கிற குழந்தைக்கும் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முதலில்.

## இவற்றில் ஒன்று இருந்தால் தூங்க வைக்க முயல வேண்டாம், கிளம்புங்கள்

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. (தடுப்பூசி போட்ட ஓரிரு நாளில் வரும் காய்ச்சலைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.) அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் உள்சூட்டைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். அதனால் அக்குளில் 99.5-ஐத் தாண்டினாலே டாக்டருக்குப் போன் போட்டுவிடுங்கள். கை கால் மட்டுமல்லாமல் மார்பும் வயிறும் சில்லிட்டிருந்தாலும் அவசரம்தான்.

பால் குடிக்கவே மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு விழுவது, உதடு நீலமாவது, வலிப்பு, பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், அழாதபோதும் உச்சிக்குழி புடைத்து நிற்பது ஆகியவையும் அப்படித்தான். மூச்சில் சந்தேகம் இருந்தால் குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தாலும், இரண்டு மாதம் கடந்த குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல் வந்தாலும், மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இவை எதுவும் இல்லையா? சரி, இனி நிதானமாகப் பார்க்கலாம்.

## கண் மூடியே இருக்கிறது, ஆனால் முனகுகிறது, நெளிகிறது, முகத்தைச் சுளிக்கிறது

இது விழிப்பே அல்ல. கைக்குழந்தை தூக்கத்தில் பாதியை இப்படித்தான் கழிக்கும். சிரிக்கும், உதட்டைப் பிதுக்கும், ஒரு சின்ன அழுகைகூட அழும். நரி விரட்டுது என்பார் எங்கள் பாட்டி. அந்த நேரத்தில் பிள்ளையைத் தொடக் கூடாது என்றும் சொல்வார். எனக்கு அப்போது அது புரியவில்லை. மூத்தவன் முனகிய ஒவ்வொரு தடவையும் அள்ளி எடுத்து, தூங்கிக்கொண்டிருந்தவனை நானே எழுப்பியிருக்கிறேன்.

செய்ய வேண்டியது கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் பொறுப்பது மட்டும்தான். கண் திறந்து, அழுகை ஏறிக்கொண்டே போனால்தான் அடுத்த வேலை. பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவ்வப்போது வரும் முனகல் வேறு, ஒவ்வொரு மூச்சுக்கும் தவறாமல் வரும் முனகல் வேறு. இரண்டாவது மூச்சுத் திணறலின் அடையாளம். அதற்கு மேலே சொன்ன பட்டியல்தான்.

## கையைச் சப்புகிறது, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடுகிறது

பசி. முதல் மாதங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும் குழந்தை இரவிலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழுவதில் கோளாறு எதுவுமில்லை. அழுகை முற்றும்வரை காத்திருந்தால், அழுத களைப்பில் சரியாகக் குடிக்காது. கை வாய்க்குப் போகும்போதே எடுத்துவிடுங்கள். ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சம் போதும். பேச்சு வேண்டாம், செல்போனும் வேண்டாம். டயப்பரோ துணியோ மாற்ற வேண்டுமென்றால் ஒரு பக்கம் குடித்து முடித்த பிறகு, மறுபக்கம் கொடுப்பதற்கு முன்னால் மாற்றுங்கள். முழுதாகக் குடித்துத் தூங்கிய பிறகு மாற்றினால் மொத்தமும் வீண்.

குடித்து முக்கால் மணி நேரத்துக்குள் மறுபடி பசியோடு எழுகிறதா? முதலில், மார்பிலேயே பாதியில் தூங்கிவிடுகிறதா என்று பாருங்கள். விழுங்கும் சத்தம் நின்றதும் உள்ளங்காலை வருடுங்கள், மார்பை மெல்ல அழுத்திக் கொடுங்கள், பக்கத்தை மாற்றுங்கள். அடுத்தது, வாய் வைக்கும் விதம். சப்பும்போது டப் டப்பென்று சத்தம் வந்தாலோ, காம்பு நசுங்கி வலித்தாலோ, காம்பை மட்டும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். விரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு, வாய் அகலமாகத் திறக்கும்போது கருவளையமும் உள்ளே போகும்படி மறுபடி வையுங்கள்.

பால் பத்தலையோ என்ற பயம் எல்லா வீட்டிலும் வரும். வீட்டில் பெரியவர்கள் சொல்வதையோ மார்பு கனக்கிறதா என்பதையோ வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. ஒரு வாரம் கடந்த குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போனால், பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பத் தொட்டிருந்தால், அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால், பால் போதுகிறது. இல்லையென்றால் கிராம சுகாதார செவிலியரிடமோ குழந்தை டாக்டரிடமோ போய் எடை போட்டு, பால் கொடுப்பதை அவர்கள் கண் முன்னாலேயே கொடுத்துக் காட்டுங்கள். இரவில் நன்றாகத் தூங்கட்டும் என்று பாட்டிலில் அரிசிக் கஞ்சியோ மாவோ கலக்க வேண்டாம். ஆறு மாதம் வரை தண்ணீரும் தேவையில்லை, வெயில் காலத்திலும்கூட.

## தோளில் தூங்குகிறது, படுக்க வைத்ததும் எழுந்துவிடுகிறது

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். நான் அதிகம் அழுததும் இதற்குத்தான்.

சாதாரணக் காரணம் அவசரம். கண் மூடியவுடன் கீழே வைத்துவிடுகிறோம். அப்போது தூக்கம் மேலோட்டமாக இருக்கிறது. கையைத் தூக்கி விட்டுப் பாருங்கள். தொப்பென்று விழ வேண்டும், விரல்கள் விரிந்து தளர்ந்திருக்க வேண்டும். முஷ்டி மூடியிருந்தால் இன்னும் நேரமாகவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரம், சில நாள் இருபது நிமிடம் ஆனது. முதுகு வலிக்கும் என்றால் உட்கார்ந்துகொண்டே காத்திருங்கள். ஆனால் சோஃபாவில் சாய்ந்து உட்கார வேண்டாம். உங்களுக்குக் கண் அசந்துவிட்டால் குழந்தை இடுக்கில் சரிந்து மூச்சு முட்டும். நாங்கள் தரையில் பாய் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம்.

அடுத்த காரணம் வைக்கும் விதம். தலையை முதலில் வைத்தால் கீழே விழுவதுபோல் இருக்கும். இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு எழும். காலும் குண்டியும் முதலில் படுக்கையைத் தொடட்டும், பிறகு முதுகு, கடைசியில் தலை. வைத்ததும் கையை எடுக்காதீர்கள். ஒரு கை மார்பின் மேல், ஒரு கை இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தபடி, உங்கள் மூச்சு இருபது தடவை போய் வரும்வரை இருங்கள். பிறகு ஒரு கையை எடுங்கள், அப்புறம் மற்றதை.

இன்னும் எழுகிறதென்றால் படுக்கையைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் தோள் சூட்டிலிருந்து ஏ.சி. காற்றில் சில்லிட்ட ரப்பர் ஷீட்டுக்குப் போனால் யாருக்கும் விழிப்பு வரும். ஷீட்டின் மேல் பழைய வேட்டித் துணி ஒன்றை நன்றாக இழுத்து, சுருக்கமில்லாமல் ஓரங்களைச் செருகி வையுங்கள்.

திடுக்கிட்டு எழுவது மட்டும்தான் தொல்லை என்றால் மெல்லிய பருத்தித் துணியில் கை இரண்டையும் சேர்த்துச் சுற்றலாம். இடுப்புக்குக் கீழே தளர்வாக இருக்க வேண்டும். கால் தவளைபோல் மடங்கி விரியும் அளவு இடம் வேண்டும், இல்லையென்றால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். சுற்றிய குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். புரளப் பார்க்கிறது என்று தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

தூளியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் ஊரில் சேலையில் கட்டாத வீடு இல்லை. நானும் அதில்தான் வளர்ந்தேன், என் பிள்ளைகளும் ஆடினார்கள். ஆனால் இரவு முழுக்க அதிலேயே விடுவதை இளையவளிடம் நிறுத்தினேன். தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும். தலை நிற்காத பருவத்தில் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை மடங்கும். இருட்டில், நாம் அசந்து தூங்கும்போது, அது நமக்குத் தெரியாது. என் முடிவு இது: பகலில், ஒருவர் விழித்துப் பக்கத்தில் இருக்கும்போது, முகம் தெரியும்படி தூளி. இரவில் பாயின் மேல் மெல்லிய துணி, மல்லாக்க, தலையணை இல்லாமல், மேலே கொசுவலை. தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் இரவில் வேண்டாம். கோரைப்பாயும் தரையும் குழந்தைக்குக் கடினமாக இருக்குமே என்று என் மாமியார் வருத்தப்பட்டார். குழந்தைக்கு வேண்டியது அந்தச் சமமான, அழுந்தாத தளம்தான். மெத்தென்ற இலவம்பஞ்சு மெத்தையில்தான் முகம் புதையும்.

தூளி பழகிய குழந்தை பாயில் படுக்க நான்கைந்து நாள் அழும். முதல் தூக்கத்தை மட்டும் பாயில் தொடங்குங்கள், அப்போதுதான் அசதி அதிகம். நடுராத்திரியில் பழக்க ஆரம்பிக்காதீர்கள்.

## காலை மடக்கி முக்குகிறது, முகம் சிவக்க அழுகிறது

முதலில் ஏப்பம். தோளில் போட்டு, வயிறு உங்கள் தோள் எலும்பில் லேசாக அழுந்தும்படி வைத்து, கீழிருந்து மேலாகத் தடவுங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் மடியில் உட்கார வைத்து, தாடையைக் கையில் தாங்கி முன்னால் சாய்த்துப் பாருங்கள். அப்புறம் மல்லாக்கப் போட்டு இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பதுபோல் மாற்றி மாற்றி வயிற்றுப் பக்கம் மடக்குங்கள். வயிற்றில் கடிகாரம் சுற்றும் திசையில் உள்ளங்கையால் தடவிக் கொடுக்கலாம். எண்ணெய் தேவையென்றால் தேங்காய் எண்ணெய் போதும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஒரு மாதம் கடந்த பிறகு, சில நாள் மலம் போகாமல் இருப்பதும் உண்டு. போகும்போது இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கல் இல்லை. சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு எதையும் ஆசனவாயில் வைக்க வேண்டாம். பிறந்த முதல் வாரங்களிலேயே மலம் போகாமல் வயிறு உப்பினால் மட்டும் டாக்டர்.

தினமும் சாயங்காலம் ஆரம்பித்து இரவு பத்து, பதினோரு மணி வரை ஒரே அழுகை, மற்ற நேரத்தில் நன்றாகக் குடித்து நன்றாக இருக்கிறது என்றால், அது பல குழந்தைகளுக்கு வரும் சாயங்கால அழுகை. ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானே குறையும். அந்த நேரத்தை நானும் கணவரும் அரை மணிக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டோம். இருட்டு அறை, காதோரம் உஷ்ஷென்ற சத்தம், மெல்லிய ஆட்டம். குழந்தையின் அழுகை எவ்வளவு உரக்கவோ அந்த அளவுக்கு உஷ் சத்தமும் இருக்க வேண்டும், அடங்க அடங்கக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் தாலாட்டைவிட இதுதான் கேட்டது.

இந்த இடத்தில்தான் ஆளாளுக்கு ஒன்றைக் கொடுக்கச் சொல்வார்கள். கிரைப் வாட்டர் வேண்டாம். 1851-இல் இங்கிலாந்தில் முதலில் வந்தபோது அதில் ஆல்கஹால் இருந்தது. இப்போது அது இல்லாவிட்டாலும் அழுகையை நிறுத்தும் மருந்து எதுவும் அதில் இல்லை. வசம்பை உரைத்துக் கொடுப்பது, விளக்கெண்ணெய் புகட்டுவது, நாக்கில் தேன் தடவுவது எதுவும் வேண்டாம். தேனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தசையைச் செயலிழக்க வைக்கும் நச்சுநோய் வரலாம். கசகசாவை அரைத்துப் பாலில் கொடுத்தால் குழந்தை தூங்கும் என்பார்கள். தூங்கும், மூச்சும் அடங்கிப்போகலாம். அபின் செடியின் விதை அது. சளி மருந்து கொடுத்தால் அசந்து தூங்குமே என்று நினைப்பதும் அதே ஆபத்துதான்.

எப்போது டாக்டர்: வயிறு கல்போல் இறுகினால், வாந்தியும் சேர்ந்தால், அழுகை விட்டு விட்டு வந்து நடுநடுவே வெளிறித் துவண்டால். கடைசியில் சொன்னதற்கு அந்த இரவே போக வேண்டும்.

## குடித்துவிட்டுப் படுத்ததும் நெளிகிறது, பால் கக்குகிறது

குடித்த பிறகு இருபது முப்பது நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்தாலே பாதிக்கு மேல் தீரும். பாட்டில் பால் என்றால் காம்பின் ஓட்டை பெரிதாகிவிட்டதா என்று கவிழ்த்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. தலைக்கு அணை வைத்து உயர்த்துவதோ குப்புறப் போடுவதோ தீர்வு இல்லை. கக்கும் குழந்தைக்கும் மல்லாக்கப் படுப்பதுதான் பாதுகாப்பு.

எடை ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை கக்கினால் துணி துவைக்கும் வேலைதான் கூடும். ஆனால் மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள், குடித்த ஒவ்வொரு தடவையும் பால் பீச்சியடித்து வெளியே வந்து, உடனே மறுபடி பசியோடு தேடினால், இரைப்பையின் வாய் இறுகியிருக்கலாம். அதற்குச் சின்ன அறுவை சிகிச்சை தேவைப்படும். நாள் கடத்தக் கூடாது.

## நன்றாகத் தூங்கிய குழந்தை திடீரென்று வீறிடுகிறது, எடுத்தாலும் அடங்கவில்லை

இதற்கு மட்டும் பெரிய விளக்கைப் போடுங்கள். எல்லாத் துணியையும் கழற்றுங்கள்.

தலையிலிருந்து கால்வரை வரிசையாகப் பாருங்கள். எறும்பு, கொசுக்கடி, துணியில் ஊக்கு. காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்து மடிப்பில் புண். டயப்பர் ஓரம் அறுத்திருக்கிறதா, தொடை மடிப்பு சிவந்திருக்கிறதா? அரைஞாண் கயிற்றின் அடியில் உங்கள் விரல் நுழைகிறதா? பிறந்தபோது கட்டிய கயிறு இரண்டு மாதத்தில் இறுகிவிடும். கொலுசும் வளையும் அப்படித்தான். தங்கை மகளுக்கு ஒரு நாள் இப்படித்தான் ஆனது. வயிற்று வலி என்று ஒரு மணி நேரம் தடவியிருக்கிறோம், கடைசியில் பார்த்தால் அரைஞாணின் முடிச்சு இடுப்பில் பதிந்து தோல் உரிந்திருந்தது. வெட்டி எடுத்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டாள்.

பிறகு, ஒவ்வொரு கைவிரலையும் கால்விரலையும் பிரித்துப் பாருங்கள். பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் அம்மாவுக்கு முடி கொத்தாக உதிரும். அதில் ஒன்று குழந்தையின் சாக்ஸுக்குள்ளோ கையுறைக்குள்ளோ போய் விரலைச் சுற்றி இறுக்கிவிடும். விரல் வீங்கிச் சிவந்திருக்கும், முடி தோலுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. ஆண் குழந்தையென்றால் குறியையும் பாருங்கள். சுலபமாக எடுக்க முடிந்தால் எடுங்கள். எடுத்தும் வீக்கமோ நிறமோ குறையவில்லையென்றால், அல்லது எடுக்கவே முடியவில்லையென்றால், உடனே ஆஸ்பத்திரி. விடியும்வரை விட்டால் விரலுக்கு ரத்தம் போகாமல் போய்விடும்.

தொடையிடுக்கிலோ விதைப்பையிலோ கெட்டியான வீக்கம், தொட்டால் அழுகை கூடுகிறது என்றால் குடலிறக்கம் மாட்டியிருக்கலாம். அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். அதுவும் அந்த இரவே.

உடம்பில் எதுவும் இல்லை, ஆனால் தூக்கினால் அழுகிறது, ஒரு கையையோ காலையோ அசைக்கவிடாமல் வைத்திருக்கிறது. ஊரில் இதை உரம் விழுந்திருக்கு என்பார்கள். சேலையில் போட்டு உருட்டுவார்கள், முறத்தில் வைத்துப் புடைப்பார்கள், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். எலும்பு முறிவோ மூட்டில் சீழோ இருந்தாலும் குழந்தை இப்படித்தான் அழும், உருட்டினால் அது இன்னும் மோசமாகும். அசைக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். மனசுக்காகத் திருஷ்டி சுற்ற வேண்டுமென்றால் சுற்றுங்கள், மிளகாயை மட்டும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். அந்தப் புகை சின்ன நுரையீரலுக்கு ஆகாது.

## மூக்கு அடைத்துக்கொண்டு, சப்பவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் அழுகிறது

கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், அதனால் சின்ன அடைப்பே பெரிய தொல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விடுங்கள். மருந்து கலந்த சொட்டு வேண்டாம், வெறும் உப்புநீர் போதும். பெரியவர்கள் தடவும் கற்பூரத் தைலமும் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்கு இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அடைப்பு திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் குளிப்பாட்டியதும் காட்டிய சாம்பிராணியும் இரவு முழுக்கப் புகைந்த கொசுவர்த்திச் சுருளும்தான். இரண்டையும் நிறுத்திக் கொசுவலை கட்டினோம், ஒரு வாரத்தில் தெளிந்தது.

## வியர்த்து எழுகிறது, கரண்ட் போனதும் எழுகிறது

கை கால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அவை எப்போதும் அப்படித்தான் இருக்கும். பிடரியைத் தொடுங்கள். ஈரமாக இருந்தால் சூடு அதிகம். வீட்டுக்குள் குல்லா, கையுறை, சாக்ஸ் மூன்றும் வெயில் காலத்தில் தேவையில்லை. ஃபேன் காற்று குழந்தைக்கு ஆகாது என்று யார் சொன்னாலும் ஃபேனை நிறுத்த வேண்டாம். கரண்ட் இல்லாதபோது ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, ஒற்றை ஜட்டித்துணியோடு தரையில் விட்டு, விசிறியால் வீசுங்கள். ஏ.சி. இருந்தால் நாங்கள் 26-இல் வைத்தோம், நேரடிக் காற்று படாமல்.

## நடுராத்திரியில் பளிச்சென்று விழித்து, அழாமல் விளையாடுகிறது

ராப்பகல் தெரியாத பருவம். காலையில் ஆறரை ஏழு மணிக்கு வாசலிலோ ஜன்னலோரத்திலோ வெளிச்சம் காட்டுங்கள். பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே தூக்கமாக விடாமல் எழுப்பிப் பால் கொடுங்கள். பகல் தூக்கத்துக்கு வீட்டை இருட்டாக்க வேண்டாம், குக்கர் சத்தம் கேட்கட்டும். இரவில் விழித்தால் இருட்டிலேயே பக்கத்தில் படுத்திருங்கள். முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்தான், ஆனால் சிரித்தால் ஒரு மணி நேரம் கூடும். இரண்டு மூன்று மாதத்தில் சரியாகும்.

## தடுப்பூசி போட்ட இரவு

6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகளுக்குப் பிறகு காய்ச்சலும் தொடை வீக்கமும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி என்றால் புதன் இரவுக்கு முன்பே தயாராக இருங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், அந்தக் காலை அழுத்தாமல் தூக்குங்கள், அடிக்கடி பால் கொடுங்கள்.

பாராசிட்டமால் அளவைக் குழந்தையின் அன்றைய எடைக்கு ஏற்ப நர்ஸிடமே எழுதி வாங்குங்கள். மருந்தின் பெயரோடு அது சொட்டு மருந்தா சிரப்பா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இங்கே கிடைக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லியில்தான் 125. சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். எங்களுக்கு ஒரு கடையில் எழுதிக் கொடுத்ததற்கு மாற்றாக மற்றதைக் கொடுத்துவிட்டார்கள். கொடுப்பதற்கு முன் கணவர் லேபிளைப் படித்ததால் தப்பினோம். ஊசிக்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் வீறிட்டாலோ, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ டாக்டர்.

## நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது, நான்காம் மாதத்தில் மணிக்கு ஒருமுறை எழுகிறது

தூக்கத்தின் அமைப்பு பெரியவர்களுடையதுபோல் மாறும் பருவம் இது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் லேசாக விழிக்கும். மார்பில் தூங்கிய குழந்தை மார்பைத் தேடும், தூளியில் தூங்கிய குழந்தை ஆட்டத்தைத் தேடும். முதலில் காய்ச்சல், சளி, காது வலி எதுவும் இல்லை என்று பாருங்கள். இல்லையென்றால், இரவின் முதல் தூக்கத்துக்கு மட்டும், கண் சொருகும்போதே ஆனால் முழுதாகத் தூங்கும் முன், கீழே வைத்துத் தட்டிக் கொடுங்கள். அழுதால் எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் தினமும் ஒரு தடவை முயன்றால் போதும். எங்களுக்கு எட்டாவது நாள்தான் ஒருமுறை நடந்தது.

## எதற்கும் அடங்கவில்லை, உங்களுக்கும் இனி முடியவில்லை

எல்லாம் பார்த்தாயிற்று, உடம்பில் ஒன்றுமில்லை, அழுகை மட்டும் நிற்கவில்லை. கைகள் இறுகுகின்றன, குழந்தையைப் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது. அந்த நிமிடம் குழந்தையைப் பாயில் மல்லாக்க வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே போங்கள். பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஒருமுறை உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். முகத்தைக் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், வீட்டில் யாரையாவது எழுப்புங்கள். எழுப்பத் தயங்காதீர்கள். பிள்ளை பெற்றவள் ஒருத்தியே விழித்திருக்க வேண்டும் என்று எந்த வழக்கமும் இல்லை.

குழந்தை தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போனால், அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு. அதற்கு வைத்தியம் இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை தனியாக இருக்க வேண்டாம். குழந்தையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர்களையே அந்த எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.